அமலா நீ, உள்ளே இருட்டு

அந்தப் பாட்டில் வரும் அமலா யார் என்று கண்டுபிடிக்க நான்கு பேர் பத்து வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்றால் நம்புவீர்களா? வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நால்வருக்கும் தலைக்கு மேல் வேலை. ஒருவர் பல் டாக்டர். இன்னொருவர் பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துபவர். ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விட்டுப்போனால்கூட அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது, அதனால் அவருக்குப் புள்ளி என்றே பெயர். மூன்றாமவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், அவர் டேங்கர். நாலாவது ஆள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை ஏழு மணியிலிருந்து மற்றவர்கள் கையில் குத்துகிறவள். ஊசி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். நாற்பத்தொரு வயசு. கல்யாணம் காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளவில்லை. இந்தக் கதை அவளுடையது.

சனிக்கிழமைகளில் பல் ஆஸ்பத்திரி ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை மூடியிருக்கும். அப்போது நோயாளிகள் உட்காரும் கூடத்தில், சொத்தைப் பல்லின் பெரிய படத்துக்குக் கீழே, இவர்கள் கூடுவார்கள். மேஜைமேல் பாட்டுப் பெட்டி. ஐந்து பேர் கொண்ட ஒரு ராக் குழுவின் முதல் இசைத்தட்டு, அதில் நாலாவது பாட்டு. மொத்தமே நாலு வரி. அதை ஒருவன் தொண்டை கிழியக் கத்துவான், பின்னால் டிரம் இடிக்கும். அவ்வளவுதான் பாட்டு.

அமலா நீ உள்ளே இருட்டு
ஒரே ஒரு கோடு வெளிச்சம்
எண்ணி எண்ணி நின்றாய் நீ
தண்ணி தண்ணி என்றார் அவர்

இந்த நாலு வரிக்கு டாக்டர் சொன்ன அர்த்தம் அரசியல். கோடு என்றால் எல்லைக்கோடு, இருட்டு என்றால் ஆட்சி. டேங்கர் ஒரே போடாகப் போடுவார்: "தண்ணி தண்ணின்னு தெளிவா பாடறான், இதுக்கு மேல என்ன அர்த்தம் வேணும்? தெருவுல குடத்தோட நிக்கறவங்களை தினம் பார்க்கறவன் நான். இது தண்ணிப் பஞ்சப் பாட்டுதான்." புள்ளிக்கு அர்த்தத்தைவிட இலக்கணம் முக்கியம். "அமலா நீ, காற்புள்ளி, உள்ளே இருட்டு. அந்தக் காற்புள்ளி இல்லாம இந்த வரிக்குக் கதியே இல்ல சார்" என்று கண் கலங்குகிற அளவுக்குப் பேசுவார். ஒரு காற்புள்ளிக்காக அவரும் டாக்டரும் இரண்டு மாதம் பேசாமல் இருந்ததும் உண்டு.

ஊசி சொன்ன அர்த்தம்தான் எல்லோருக்கும் கொஞ்சமாவது பிடித்தது. அமலா என்பவள் ஒரு மனைவி. 'அவர்' என்பது குடிகாரப் புருஷன். தண்ணி என்றால் அந்தத் தண்ணி. அவள் ஒரு கோட்டு வெளிச்சம் வருகிற அறையில் நாட்களை எண்ணிக்கொண்டு நிற்கிறாள்.  அந்தப் பாட்டை ஏனோ அவளால் விட முடியாது. பாத்திரம் கழுவும்போது பாடுவாள், பஸ்ஸில் முணுமுணுப்பாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிற தம்பியை உட்காரவைத்து, தட்டில் பரிமாறிக்கொண்டே அமலாவின் கதையை முழுசாகச் சொல்வாள். லிஃப்ட் ரிப்பேர் பண்ணுகிற தம்பி, ஒன்பது வயசு இளையவன், அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இருக்கும்க்கா" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. இவனுக்குப் பாட்டும் தெரியாது ஒரு மண்ணும் தெரியாது என்று அவளும் விட்டுவிடுவாள்.

பாடியவனைக் கேட்டால் பிடியே கொடுக்க மாட்டான். எந்தப் பேட்டியிலும், "நீங்க என்ன நினைக்கறீங்களோ அதுதான்" என்று ஒரு சிரிப்பு. நாலு போடலாம் போல இருக்கும்.

பத்தாவது வருஷம் அந்தக் குழு அதே தட்டை மறுபடி வெளியிட்டது. இந்தத் தடவை உள்ளே ஒரு சின்னப் புத்தகம், எல்லாப் பாட்டின் வரிகளும் அச்சில். டாக்டர் முதல் நாளே வாங்கிவிட்டார். ஆனால் நால்வரும் சேர்ந்துதான் பிரிக்க வேண்டும் என்று சனிக்கிழமை வரை தொடாமல் வைத்திருந்தார். அவருடைய ரசிகத்தனத்தில் அது ஒரு பெருந்தன்மை.

புள்ளிதான் பிரித்தார். நாலாவது பாட்டைத் தேடிப் பிடித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். முகம் மாறியது. இன்னொரு தடவை படித்தார்.

"அமலாவே இல்ல சார்" என்றார்.

"என்னது?"

"அமலா நீ இல்ல. அமலாரி. ஒரே வார்த்தை. 'அமலாரி உள்ளே இருட்டு'ன்னு போட்டிருக்கான்."

டாக்டர் பிடுங்கிப் பார்த்தார். டேங்கர் அவர் தோள்மேல் எட்டிப் பார்த்தார். பாட்டை மறுபடி போட்டுக் கேட்டார்கள். அட, ஆமாம்! பாடுகிறவன் அமலா என்று இழுத்து, ரீ என்று கத்துகிற இடத்தில் சரியாக டிரம்மில் ஓர் அடி விழுகிறது. அந்த அடியில் ர நசுங்கி, பத்து வருஷமாக எல்லோர் காதிலும் நீ ஆகிவிட்டிருந்தது. பத்து வருஷம்! டேங்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்ப அமலான்னு ஒருத்தி பிறக்கவே இல்லையா? என் பொண்ணுக்கு அந்தப் பேரை வைக்கலாம்னு இருந்தேனே!"

"அமலாரின்னா ஏதாவது ஊரா?" என்றார் டாக்டர். "இல்ல, அமலம்னா மாசில்லாததுன்னு..."

"மாசும் இல்ல, தூசும் இல்ல" என்று புள்ளி வெட்டினார். வாழ்நாள் பூராவும் பிழை பார்த்த கண் அது. "அச்சுப்பிழை சார் இது. எழுத்து இடம் மாறிக் கிடக்கு. அலமாரி. துணி வைக்கற அலமாரி!"

டாக்டரும் டேங்கரும் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அலமாரிக்குள்ள இருட்டாமா? பல்பு போடச் சொல்லுங்க!" என்றார் டேங்கர். "பத்து வருஷம் கழிச்சு பீரோ கம்பெனி விளம்பரமா இது?" என்றார் டாக்டர். புள்ளிக்குக் கோபத்தில் காது சிவந்துவிட்டது.

ஊசி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குக் காது அடைத்துப்போயிருந்தது. மற்றவர்கள் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. அது அச்சுப்பிழை இல்லை என்று அந்தக் கூடத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் அலமாரியை அமலாரி என்று சொன்னவன். ஆறு வயசு வரைக்கும் அவன் நாக்கில் அந்த வார்த்தை திரும்பவே இல்லை. எத்தனை தடவை சொல்லிக்கொடுத்திருப்பாள்! அ, ல, மா, ரி. சமர்த்தாகத் தலையாட்டிவிட்டு, "அமலாரி" என்பான்.

"கீழ சின்னதா ஏதோ போட்டிருக்கு" என்று டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்தார். "லிஃப்ட்டுக்குள் நான் மாட்டிக்கொண்ட இரண்டு மணி நேரமும் வெளியே இருந்து பேச்சுக் கொடுத்து என்னைப் பயப்படாமல் பார்த்துக்கொண்ட மெக்கானிக் நண்பர் எழுதிக்கொடுத்த வரிகள் இவை. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்."

"பார்றா, லிஃப்ட் மெக்கானிக்கு!" என்றார் டேங்கர். "ஊசி, உங்க தம்பி கூட அந்த வேலைதான? கேட்டுப் பாருங்க, யாராவது தெரிஞ்ச ஆளா இருக்கும்."

ஊசி அந்தப் புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள். கேட்டு வாங்கினாளா, பிடுங்கினாளா என்று அவளுக்கே தெரியாது. "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள், கீழே இறங்குவதற்குப் பதிலாக மாடிப்படி ஏறினாள். இரண்டு மாடி ஏறி, பூட்டிய இரும்புக் கதவுக்கு முன்னால் நின்ற பிறகுதான் உறைத்தது. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

எண்ணி எண்ணி நின்றாய் நீ. தண்ணி தண்ணி என்றார் அவர்.

குடிகாரப் புருஷனாம், அமலாவாம்! அவளுக்கு அவள் முகத்திலேயே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அவர் என்பது அப்பா. எண்ணிக்கொண்டு நின்றவள் அவள்.

அம்மா போன பிறகு அப்பாவுக்கு எதற்கெடுத்தாலும் கை நீளும். அடிப்பதோடு விட்டால் பரவாயில்லை. சுவரைப் பார்த்து முட்டி போடவைத்து, ஒன்றிலிருந்து நூறு வரை சத்தமாக எண்ணச் சொல்வார். எண்ணி முடித்தால்தான் தண்ணீர் குடிக்கலாம். பதினைந்து வயசில் அவள் எண்ணிய நூறுகளுக்குக் கணக்கே கிடையாது. அன்றைக்கு மத்தியானம் தம்பி சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியை உடைத்துவிட்டான். அவர் அவனை அடித்த சத்தம் சமையலறை வரை கேட்டது. பிறகு சத்தம் நின்றது. அவன் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே சரிந்து கிடக்கிறார். வேர்வை ஆறாக ஓடுகிறது. "தண்ணி" என்றார். "மாத்திரை, தண்ணி."

அவள் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள், மாத்திரையும் எடுத்தாள். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றாள். எங்கிருந்து வந்ததோ அந்தப் பாழாய்ப்போன எண்ணம், வாய் தானாக ஆரம்பித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நூறு சொன்ன பிறகுதான் உள்ளே போனாள். அதற்குள் அவருக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை.

யாருக்கும் தெரியாது. வந்த டாக்டர், பெரிய அடைப்பு, யார் இருந்திருந்தாலும் ஒன்றும் பண்ணியிருக்க முடியாது என்றார். சித்தி இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனாள். ஊசி படித்தாள், வேலைக்குப் போனாள், தம்பியைப் படிக்கவைத்தாள். பரிசோதனை நிலையத்துக்கு வருகிற இதய டாக்டர்களிடம் பேச்சுவாக்கில் கேட்பதுபோல எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்: "ஒண்ணரை நிமிஷத்துல ஏதாவது ஆகிடுமா டாக்டர்?" சிலர் ஆகாது என்றார்கள். சிலர் சொல்ல முடியாது என்றார்கள். ஆகாது என்று சொன்னவர்களின் முகத்தை அவள் இன்றுவரை மறக்கவில்லை. இருபத்தாறு வருஷமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் காலம் தள்ளினாள்.

இப்போது பார்த்தால் அவன் அப்பா அறை அலமாரிக்குள் இருந்திருக்கிறான். கதவு இடுக்கு வழியாக, ஒரே ஒரு கோடு வெளிச்சத்தில், எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத்தான் அவள் கையால் சாப்பிட்டான், அவள் மடியில் தூங்கினான், முதல் சம்பளத்தில் அவளுக்கு வாட்ச் வாங்கிக்கொடுத்தான். ஐயோ! அதையெல்லாம்விட, அந்தப் பாட்டை அவன் முன்னாலேயே அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடியிருக்கிறாளே! அவள் இருந்த இடத்திலேயே குறுகிப்போனாள்.

இனி அவன் முகத்தில் எப்படி முழிப்பது? அவளுக்கென்று இந்த உலகத்தில் இருப்பது அவன் ஒருவன்தான். அவனும் இல்லை என்று ஆகிவிட்டால்? போகாமல் இருந்துவிடலாம் என்றும் ஒரு நிமிஷம் நினைத்தாள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவன் வருவான், வழக்கம்போல் பரிமாறலாம். முடியாது என்று அவளுக்கே தெரிந்தது. எழுந்து இறங்கினாள்.

அவன் வேலை பார்த்துக்கொண்டிருந்தது எட்டு மாடி ஆபீஸ் கட்டடம். கீழே லிஃப்ட் வாசலில் 'வேலை நடக்கிறது' என்று பலகை வைத்திருந்தது. எட்டு மாடியும் நடந்து ஏறினாள். உச்சியில் மோட்டார் இருக்கிற சின்ன அறை. எண்ணெய் வாடை. அவன் தனியாகக் குந்தி உட்கார்ந்து, ஒரு பெரிய சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னக்கா? படியேறியா வந்த? ஒரு போன் பண்ணியிருந்தா நான் இறங்கி வந்திருப்பேனே."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு புத்தகத்தை நீட்டினாள். பக்கம் விரித்தே இருந்தது. அவன் பார்த்தான். கையில் இருந்த துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். துடைத்த விரலையே மறுபடியும் துடைத்தான்.

"அலமாரின்னு மாத்திப் போடுங்கன்னுதான் சொன்னேன்" என்றான் கடைசியில். "அந்த ஆள் கேட்கல. இப்படியே நல்லா இருக்குன்னுட்டார்."

"பத்து வருஷமா உன் முன்னாடி பாடியிருக்கேன்டா."

"ஆமா."

"வாயை மூடுன்னு ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? ஆசையாப் பாடுன." எண்ணெய் டப்பாவை மூடிவிட்டு, "சுருதிதான் சேரல" என்றான்.

வேறொரு நாளாக இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பாள்.  இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நீ பார்த்திருக்க" என்றாள். "நான் தண்ணியைக் கையில வச்சுக்கிட்டு நின்னதை."

"பார்த்தேன்."

"பார்த்துட்டு இத்தனை வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல. ஊர் உலகத்துக்கெல்லாம் பாட்டு எழுதிக் கொடுத்திருக்க. எண்ணி எண்ணி நின்றாய் நீன்னு. நேர்ல திட்டியிருந்தா தாங்கியிருப்பேனேடா. காறித் துப்பியிருந்தாக்கூட..."

"அக்கா, இரு, இரு." அவன் எழுந்துவிட்டான். அவன் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. பயந்துபோயிருந்தான். "உன்னைன்னா நினைச்ச?"

"வேற யாரை?"

"முதல் வரியைப் படிக்கலையா? அமலாரிக்குள்ள நின்னது யாரு?"

அவளுக்குப் புரியவில்லை. அவன் வாயையே பார்த்தாள்.

"நீன்னு எழுதினது என்னைத்தான்க்கா" என்றான். "நீ ஒண்ணுன்னு ஆரம்பிச்சப்ப நானும் ஆரம்பிச்சேன். உள்ள, சத்தம் வராம. எனக்கு அப்பல்லாம் எண்ணவே சரியா வராது. இருபத்தொம்பதுக்கு அப்புறம் ஐம்பதுன்னுதான் சொல்லுவேன். அதனால எனக்கு நூறு சீக்கிரமே வந்துருச்சு. நீ இன்னும் எண்ணிட்டு இருந்த. அவர் தண்ணி தண்ணின்னுட்டு இருந்தார். கதவைத் தள்ளிட்டு வெளிய வந்திருக்கலாம். அக்கான்னு ஒரு சத்தம் போட்டிருந்தா நீ நிறுத்தியிருப்ப. எனக்குத் தெரியும், நீ நிறுத்தியிருப்ப. உனக்கு அழுகை வந்துருச்சு, நான் பார்த்துட்டேதான் இருந்தேன். நூறு சொன்னதும் நீ ஓடின. நடக்கலக்கா, ஓடின. தண்ணியெல்லாம் கீழ சிந்திச்சு."

 கையில் இருந்த துணியைக் கீழே போட்டான்.

"எனக்கு நூறு பத்தலக்கா. உன்னைக் கூப்பிடாம, மறுபடியும் ஒண்ணுல இருந்து எண்ண ஆரம்பிச்சிட்டேன்."

 மன்னிப்புக் கேட்க எட்டு மாடி ஏறி வந்தவள் அவள். அதையே அவளிடம் கேட்க இவன் இருபத்தாறு வருஷமாக அவள் முன்னால் சாப்பிட உட்கார்ந்து, கேட்காமலேயே கை கழுவிவிட்டுப் போயிருக்கிறான். ஆறு வயசு! கொடியில் இருக்கிற தன் சட்டையை எடுக்கக்கூட எட்டாத வயசு. அவள் இரண்டு எட்டு வைத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்த அவன் கையை மணிக்கட்டில் பிடித்துக்கொண்டாள்.

"எதுவரைக்கும்டா எண்ணின?" என்றாள்.

"பக்கத்து வீட்டுக்காரங்க வந்தாங்க. டாக்டர் வந்தார். சித்தி அழுதாங்க. இறங்கி வந்து மூலையில நின்னுக்கிட்டேன்" என்றான். "நீ வந்து தூக்கிக்கிட்ட பாரு, அதுவரைக்கும்."